காலியானாலும் கனம் குறையாது
மாதிரி விமானத்துக்கு லித்தியம் பேட்டரி வாங்குவது பற்றி

போன ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜூரிக்கிலிருந்து அரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு புல்வெளியில், நானும் என் மகளும் நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டிய விமானம் ஒரு நிமிடம்கூடப் பறக்காமல் விழுந்தது. பால்சா மரத்தில் செய்த, ரிமோட்டால் ஓட்டுகிற மாதிரி விமானம். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை ஒன்றரை மீட்டர். தாழ்வாக ஒரு சுற்று வந்துவிட்டு, முழு வேகம் கொடுத்து மேலே ஏற்றினேன். முப்பது அடி உயரத்தில் மோட்டார் சட்டென்று நின்றுவிட்டது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நானோ பதற்றத்தில் குச்சியை இன்னும் என் பக்கம் இழுத்தேன். விமானம் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உறைந்த மண்ணில் குத்திட்டது. பத்து வயது மகள் அழவில்லை. காரிலிருந்து மளிகைப் பையை எடுத்து வந்து சில்லுகளைப் பொறுக்கிப் போட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் புல்வெளிக்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். "இதன் எடை என்ன? மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? பறக்க விடும்போது பேட்டரி எவ்வளவு சூடாக இருந்தது?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எம்.இ. படித்தவன், கம்ப்யூட்டரோடு பிழைப்பு நடத்துபவன்; ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பேட்டரி மேல் ஒட்டியிருந்த லேபிள்தான். அதில் பெரிய பெரிய எண்கள் இருந்தன. விலையும் குறைவு. வாங்கிவிட்டேன்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதிரி விமானம் விடாதவர்களும் படிக்கலாம். உங்கள் செல்போனுக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் இருப்பது இதே வகைப் பேட்டரிதான்.

ஏன் லித்தியம்?

மாதிரி விமானம் என்றால் ஒரு காலத்தில் மீதைல் ஆல்கஹால் குடித்துப் புகை கக்கும் குட்டி எஞ்சின்தான். ஸ்விட்சர்லாந்தில் அதற்கு ஒரு தடங்கல், சத்தம். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் அமைதியாக இருந்தாக வேண்டும். பல பறக்கும் மன்றங்களில் மதிய வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எஞ்சின் விமானத்துக்கு அனுமதி இல்லை. மின்சார மோட்டார் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மின்சாரத்தில் பறக்கும் ஆசை பழையது. ஜெர்மனியின் கிரௌப்னர் நிறுவனத்தில் ஃப்ரெட் மிலிட்கி என்ற பொறியாளர் இருந்தார். அவர் வடிவமைத்த 'சிலென்டியுஸ்' என்ற மின்சார மாதிரி விமானம் 1960-இல் விற்பனைக்கு வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில், அவருடைய யோசனையில் மின் மோட்டார் பொருத்திய எம்பி-ஈ1 என்ற விமானம் ஹைனோ பிர்டிட்ஷ்காவைச் சுமந்துகொண்டு பறந்தது. மனிதனை ஏற்றிக்கொண்டு மின்சாரத்தில் பறந்த முதல் விமானம் அது. விளையாட்டுச் சாமானிலிருந்து நிஜ விமானம் பிறந்த கதை. ஆனால் அன்று கிடைத்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. கிலோவுக்கு 40, 50 வாட்-மணிதான் தேறும். சில நிமிடங்களில் இறங்கிவிட வேண்டியதுதான்.

லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மாதிரி விமானக்காரர்களின் கைக்கு 'லிப்போ' எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி வந்து சேர்ந்தது. உள்ளே வேதியியல் ஏறக்குறைய அதேதான். உலோகக் குப்பிக்குப் பதில் அலுமினியத் தாள் உறை, அவ்வளவுதான். குப்பியின் எடை மிச்சம். மின்சாரத்தையும் வேகமாகக் கொட்டும். இன்று கிலோவுக்கு 130-இலிருந்து 180 வாட்-மணி வரை கிடைக்கிறது.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு சாதாரண லிப்போ பேட்டரியில் '3எஸ், 2200 மில்லி ஆம்பியர்-மணி, 30சி' என்று இருக்கும். வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

'எஸ்' என்பது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. லிப்போவில் ஒரு செல்லுக்குச் சராசரி 3.7 வோல்ட். 3எஸ் என்றால் மூன்று செல்களை வரிசையாக இணைத்தது, 11.1 வோல்ட். முழுதாக ஏற்றினால் செல்லுக்கு 4.2 வோல்ட்.

மில்லி ஆம்பியர்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. 2200 என்றால் 2.2 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் கொடுக்கும். வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் ஆற்றல்: 11.1 பெருக்கல் 2.2, சுமார் 24 வாட்-மணி.

'சி' என்பது குழாயின் அகலம். 1சி என்றால் ஒரு மணி நேரத்தில் தொட்டி காலியாகும் வேகம். 30சி என்றால் இரண்டே நிமிடத்தில் காலியாக்கலாம். அதாவது 66 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று தயாரித்தவர் சொல்கிறார்.

'சொல்கிறார்' என்பதைக் கவனியுங்கள். செல்களின் எண்ணிக்கையில் பொய் சொல்ல முடியாது, எண்ணிப் பார்த்துவிடலாம். கொள்ளளவை ஒரு நல்ல சார்ஜர் அளந்து சொல்லிவிடும். 'சி' எண்ணை எப்படி அளப்பது என்பதற்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது விதி கிடையாது. ஆகவே அந்த எண்தான் வஞ்சனையில்லாமல் வளர்கிறது. விழுந்துபோன என் பேட்டரியில் 60சி என்று போட்டிருந்தது.

முதல் கேள்வி: எடை என்ன?

பெரியவர் முதலில் எடையைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் விமானம் பறக்கப் பறக்க எடை குறையும். பேட்டரி விமானம் கிளம்பும்போது எவ்வளவு கனமோ, காலியாகி இறங்கும்போதும் அவ்வளவே கனம். (கறாராகப் பார்த்தால் குறையத்தான் செய்கிறது. ஐன்ஸ்டீன் 1905-இல் இங்கே பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலக வேலையில் இருந்துகொண்டு எழுதிய சமன்பாட்டின்படி, 24 வாட்-மணி தீர்ந்த பேட்டரி ஒரு கிராமில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு இளைத்திருக்கும்.) பெட்ரோலில் கிலோவுக்கு ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. அதோடு ஒப்பிட்டால் நாம் செங்கல்லைக் கட்டிக்கொண்டு பறக்கிறோம்.

"கொஞ்சம் பெரிய பேட்டரியாகப் போட்டால் கூடுதல் நேரம் பறக்கலாமே" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டமாகப் பறக்கத் தேவையான சக்தி, மொத்த எடையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயரும். என் விமானம் 180 கிராம் பேட்டரியையும் சேர்த்து 1200 கிராம். பேட்டரியை இரட்டிப்பாக்கினால் 1380 கிராம். எடை 15 சதவீதம் கூடுகிறது, தேவைப்படும் சக்தியோ 23 சதவீதம் கூடுகிறது. ஆற்றல் இரண்டு மடங்கு. பறக்கும் நேரம் 1.6 மடங்குதான். மூன்று பங்கு பேட்டரி வைத்தால் நேரம் இரண்டு மடங்கு. காசும் கனமும் மூன்று மடங்கு ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கை இழுத்துக்கொண்டே போனால், விமானத்தின் மற்ற எல்லாவற்றையும்போல் இரண்டு பங்கு எடைக்குப் பேட்டரி வைக்கும்போதுதான் பறக்கும் நேரம் உச்சத்துக்கு வரும். காகிதத்தில் சரி. அப்போது மொத்த எடை மூன்று கிலோவைத் தாண்டும், இறங்கும் வேகம் 1.6 மடங்காகும். பால்சா இறக்கை முதல் வளைவிலேயே கைவிரித்துவிடும்.

எடைக்குச் சட்டமும் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் 250 கிராமை எட்டிவிட்டால் குறைந்தது பத்து லட்சம் ஃப்ராங்குக்குப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். குட்டி விமானங்களில் பேட்டரியின் பத்து இருபது கிராம்தான் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும்.

எடை இன்னொரு காரியமும் செய்யும், லேபிளின் பொய்யைப் பிடித்துக் கொடுக்கும். அதிக மின்னோட்டம் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே உலோகத் தகடுகள் தடிமனாக வேண்டும், அது கனக்கும். நாணயமான 3எஸ் 2200 பேட்டரி 170-இலிருந்து 190 கிராம் இருக்கும். அதே எடையில் 3000 என்றும் 60சி என்றும் ஒருவர் விற்றால், இரண்டில் ஏதோ ஒன்று கதை. சமையலறைத் தராசு போதும் இதைக் கண்டுபிடிக்க.

இரண்டாவது கேள்வி: எத்தனை ஆம்பியர்?

பேட்டரியைக் கடையிலிருந்து விமானத்துக்கு என்று யோசிக்கக்கூடாது; விமானத்திலிருந்து கடைக்கு என்று பின்னோக்கி வர வேண்டும். நிதானமாக ஏறிப் பறக்கும் விமானத்துக்குக் கிலோவுக்கு 220 வாட் போதும் என்பது மாதிரி விமானக்காரர்களின் கைக்கணக்கு. என்னுடைய 1.2 கிலோவுக்கு 264 வாட். அதை 11.1 வோல்ட்டால் வகுத்தால் 24 ஆம்பியர். 2.2 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர் இழுப்பது 11சி. ஆக, உண்மையான 25சி பேட்டரியே எனக்குத் தாராளம். 60சி என்ற எண்ணுக்கு நான் கொடுத்த மரியாதை வீண்.

பறக்கும் நேரமும் இதிலிருந்தே வரும். பேட்டரியை ஒருபோதும் வழித்துக் காலி செய்யக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கை உள்ளேயே விட்டுவிட வேண்டும். மீதி 1.76 ஆம்பியர்-மணி, முழு வேகத்தில் நான்கரை நிமிடத்துக்கு வரும். யாரும் முழு நேரமும் முழு வேகத்தில் போவதில்லை. நடைமுறையில் எட்டு, பத்து நிமிடம்.

'எஸ்' எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. "3எஸ் போட்டு நன்றாகப் பறக்கிறது, 4எஸ் போட்டால் இன்னும் பிரமாதமாக இருக்குமே" என்பது புதிதாக வருபவர்களின் ஆசை. அதே மோட்டார், அதே ப்ரொப்பெல்லர் என்றால் சுற்றும் வேகம் வோல்ட்டோடு உயரும். ப்ரொப்பெல்லர் விழுங்கும் சக்தி அந்த வேகத்தின் மூன்றாம் அடுக்காக உயரும். மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் சக்தி 2.4 மடங்கு, மின்னோட்டம் 1.8 மடங்கு. 24 ஆம்பியர் 42 ஆகிவிடும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் கருவி அன்றே கருகும். வோல்ட்டை ஏற்ற வேண்டுமானால் ப்ரொப்பெல்லரைச் சின்னதாக்கி, மீட்டர் வைத்து ஆம்பியரை அளந்து பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

சரி, 'சி' எண் நம்பத்தக்கதல்ல என்றால் எதை நம்புவது? உள்தடையை. எந்தப் பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை இருக்கும். மின்னோட்டம் கூடக் கூட அது வோல்ட்டைத் தின்று சூடாக்கும். இப்போது வரும் பல சார்ஜர்கள் செல் செல்லாக இதை அளந்து காட்டுகின்றன. நல்ல 2200 பேட்டரியில் செல்லுக்கு 5 மில்லி ஓம் அளவில் இருக்கும். 24 ஆம்பியர் இழுத்தால் செல்லுக்கு 0.12 வோல்ட் நஷ்டம், மூன்று வாட் சூடு. பரவாயில்லை. விழுந்த விமானத்தின் பேட்டரியை வீட்டுக்கு வந்து அளந்தேன். 14 மில்லி ஓம். லேபிள் சொன்ன 60சி, அதாவது 132 ஆம்பியரை அதிலிருந்து நிஜமாகவே இழுத்தால் உள்ளே 700 வாட்டுக்கு மேல் வெப்பம் கிளம்பும். அது பேட்டரியல்ல, இஸ்திரிப் பெட்டி.

பதினைந்து வாட்டில் ஓர் இரவு

இங்கே ஒரு கேள்வி எழும். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயனி செல்களில் கிலோவுக்கு 240 வாட்-மணிவரை கிடைக்கிறதே, எல்லோரும் ஏன் அதையே போடுவதில்லை? தொட்டி பெரிது, குழாய் குறுகல் என்பதுதான் பதில். அந்த ஆற்றல்மிகு வகை செல்கள் ஏறக்குறைய 2சி-யைத் தாண்டினால் திணறும். என் விமானத்துக்கு வேண்டியதோ 11சி.

ஆனால் எல்லா விமானமும் அப்படியல்ல என்பதற்கு இந்த ஊரிலேயே அருமையான சாட்சிகள் இருக்கின்றன. ஜூரிக்கில் உள்ள ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே நோத் என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கை-செய்லர்' என்ற சூரிய சக்தி விமானத்தை உருவாக்கினார். செவ்வாய் கிரகத்தில் பறக்க ஒரு விமானம் சாத்தியமா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. இறக்கை 3.2 மீட்டர், எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு கிலோவுக்கு மேல் பேட்டரி. மட்டமாகப் பறக்க அதற்குச் சுமார் 15 வாட்தான் தேவை, என் வரவேற்பறை விளக்கு அவ்வளவு எடுக்கும்! பகலில் இறக்கையின் சூரியத் தகடுகள் பேட்டரியை நிரப்பும், இரவில் பேட்டரி விமானத்தைச் சுமக்கும். 2008 ஜூனில் இரவைக் கடந்து 27 மணி நேரம் பறந்தது.

அதன் வாரிசுபோல் அதே ஆய்வகத்தில் பிறந்தது 'அட்லான்டிக்-சோலார்'. இறக்கை 5.65 மீட்டர், எடை ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் பேட்டரி மட்டும் 2.9 கிலோ. அத்தனையும் நான் மேலே சொன்ன 18650 உருளைகள், மொத்தம் 700 வாட்-மணி. 2015 ஜூலையில் இறங்காமல் 81.5 மணி நேரம் பறந்து, ஐம்பது கிலோவுக்குக் குறைந்த விமானங்களில் உலக சாதனை படைத்தது. மட்டமாகப் பறக்க அது எடுத்துக்கொண்டது 40 வாட் அளவில். 700 வாட்-மணித் தொட்டியிலிருந்து 40 வாட் என்பது 1சி-யில் பதினேழில் ஒரு பங்கு. சொட்டு நீர்ப் பாசனம்!

இரண்டு விமானங்களிலும் மொத்த எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பேட்டரி. என் விமானத்தில் பதினைந்து சதவீதம். இதில் எது சரி என்று கேட்டால் இரண்டுமே சரி. அவர்களுக்கு இரவு முழுவதும் மெல்லப் பறக்க வேண்டும். எனக்குப் பத்து நிமிடம் குதூகலமாகப் பறந்தால் போதும். 'சிறந்த பேட்டரி' என்று ஒன்று கிடையாது. எந்த விமானத்துக்கு, எந்தக் காரியத்துக்கு என்று கேட்காமல் யாராவது சிறந்த பேட்டரியைச் சிபாரிசு செய்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு சூடு?

என் விமானம் விழுந்த கதையின் மீதி இதில் இருக்கிறது. முந்தின இரவு பேட்டரியைக் காரிலேயே வைத்துவிட்டேன். வெளியே மைனஸ் நான்கு டிகிரி. குளிரில் அயனிகள் மெதுவாக நகரும். உள்தடை இரண்டு மூன்று மடங்காகும். 14 மில்லி ஓம் நாற்பதுக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். 24 ஆம்பியரில் செல்லுக்கு ஒரு வோல்ட் காணாமல் போகும். முதல் சுற்றில் 4.2-இலிருந்து 4.0-க்கு இறங்கிய செல், முழு வேகம் கேட்டதும் 3.0-க்குச் சரிந்தது. செல்லுக்கு 3.2-க்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்தும்படி நானேதான் கருவியை அமைத்திருந்தேன். அது சொன்னதைச் செய்தது. தொட்டியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்க, குழாய் உறைந்துபோய் விழுந்தது விமானம்.

சூடு அதிகமானாலும் தொல்லைதான். இதற்கும் சாட்சி ஸ்விட்சர்லாந்து விமானமே. பெர்ட்ரான் பிக்காரும் ஆந்த்ரே போர்ஷ்பெர்க்கும் சூரிய சக்தியில் உலகைச் சுற்றிய 'சோலார் இம்பல்ஸ் 2' நினைவிருக்கும். 72 மீட்டர் இறக்கை, 2.3 டன் எடை, அதில் 633 கிலோ லித்தியம் பாலிமர் பேட்டரி. செல்களைச் செய்த கொரியாவின் கோக்கம் நிறுவனம், தொடக்க காலத்தில் மாதிரி விமானக்காரர்களிடையேயும் நன்கு அறியப்பட்ட பெயர். 2015 ஜூன் இறுதியில் ஜப்பானின் நகோயாவிலிருந்து கிளம்பி, போர்ஷ்பெர்க் தனியாக 117 மணி 52 நிமிடம் ஓட்டி ஜூலை 3 அன்று ஹவாயில் இறங்கினார். அசாத்தியமான காரியம். ஆனால் முதல் நாளே, வேகமாக மேலே ஏறும்போது பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டன. 8,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து காக்கப் போட்டிருந்த போர்வை, வெப்ப மண்டலத்தில் ஏறும்போது சூட்டை வெளியே விடவில்லை. செல்லில் குறையில்லை, போர்வையில்தான் கணக்குத் தப்பியது. பேட்டரிகளை மாற்றி, குளிர்விக்க ஏற்பாடு செய்து, 2016 ஏப்ரலில்தான் மறுபடி கிளம்ப முடிந்தது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அபுதாபியில் பயணம் முடிந்தது.

அவ்வளவு பெரிய குழுவுக்கே வெப்பநிலை தண்ணி காட்டியது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைப்பானேன்.

நமக்கு எளிய வழி உண்டு. குளிர்காலத்தில் பேட்டரியை 20, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பறக்க விட வேண்டும். இறங்கியதும் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பேட்டரி உங்கள் மோட்டாருக்குச் சிறியது. உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் உள்ளே போகாமல் மேலே உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும்.

மண்சட்டி

பேட்டரி வாங்குவது பாதி வேலை. லிப்போவின் உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. அளவுக்கு மேல் ஏற்றினாலோ, அடிபட்டு உள்ளுக்குள் தகடுகள் தொட்டுக்கொண்டாலோ தீப்பிடிக்கும். பேட்டரி வாங்கும் அன்றே, செல்களைத் தனித்தனியே கவனித்துச் சமப்படுத்தும் சார்ஜரையும் வாங்குங்கள். 1சி-க்கு மேல் ஏற்றாதீர்கள், 2200-க்கு 2.2 ஆம்பியர். சார்ஜ் ஆகும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள், தூங்காதீர்கள்.

நான் சமையலறைத் தரை ஓட்டின் மேல் ஒரு மண்சட்டியை வைத்து, அதற்குள் பேட்டரியைப் போட்டு, மூடியை லேசாகச் சாய்த்து வைத்துச் சார்ஜ் செய்கிறேன். இறுக மூடக்கூடாது, புகை வெளியேற வழி வேண்டும். தமிழ்க் கடையில் மீன் குழம்புக்கென்று வாங்கிய சட்டி. மனைவி அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டதால் இப்போது அது முழுக்க லித்தியத்துக்குச் சொந்தம்.

இன்னொரு பாடம் ஊருக்குப் போனபோது கிடைத்தது. நான்கு பேட்டரிகளை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு ஐந்து வாரம் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பூரி மாதிரி உப்பியிருந்தன. முழு நிலையில் கிடக்கும் செல் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவை உண்டாக்கும். இரண்டு நாளைக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். நல்ல சார்ஜரில் இதற்குத் தனிப் பொத்தானே இருக்கும். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் பேட்டரி விற்கும் கடை பழையதைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். துன் ஏரிக்குப் பக்கத்தில் விம்மிஸ் என்ற ஊரில் பழைய பேட்டரிகளைப் பிரித்து உலோகங்களை மீட்கும் ஆலை இருக்கிறது.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. முனைகளை மூட வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகச் சரி. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். என் 3எஸ் வெறும் 24 வாட்-மணி. 6எஸ் 5000 என்றால் 111. அதற்குக் கேட்டாக வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் புல்வெளி

சில்லுகளிலிருந்து வால் பகுதி மட்டும் தேறியது. மீதியைப் புதிதாக ஒட்டினோம், இன்னொரு நான்கு மாதம். இந்த முறை மொத்த எடை 1150 கிராம். பேட்டரி 3எஸ் 2200, லேபிளில் அடக்கமாக 30சி. தராசில் 185 கிராம், சார்ஜரில் செல்லுக்கு 5 மில்லி ஓம். ஒவ்வொரு பேட்டரிக்கும் மகள் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, வாங்கிய தேதி, எடை, உள்தடை மூன்றையும் எழுதியிருக்கிறாள். உள்தடையை மாதம் ஒருமுறை அளந்து பக்கத்தில் எழுதுவதும் அவள்தான். ஆரம்பத்தில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கானால் அந்தப் பேட்டரிக்கு ஓய்வு என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் அதே புல்வெளிக்குப் போனோம். அவளுடைய பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பையில், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில் பேட்டரிகள் வந்தன. பெரியவர் இருந்தார். அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். இந்த முறை பதில் சொன்னது நான் இல்லை.

ஒன்பது நிமிடம் பறந்து இறங்கியது. மகள் பேட்டரியைக் கழற்றி ஒரு கையிலும், இன்னும் பறக்காத இன்னொன்றை மறு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல கரண்ட் தீர்ந்துபோச்சு இல்லப்பா? ரெண்டும் ஒரே கனமா இருக்கே."

ஐன்ஸ்டீனை இழுக்கலாமா என்று யோசித்தேன். குளிர் அதிகமாக இருந்தது. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பேட்டரியைப் போட்டோம்.